கப்பலேறிய தமிழ்

1957இல் விடுதலை பெற்ற மலாயாவின் அரசியல் சட்டம், மலாய்க்காரர் யார் என்பதற்குத் தன் 160ஆவது விதியில் இலக்கணம் வகுத்தது. பிறப்பும் குடியிருப்பும் பற்றிய நிபந்தனை ஒருபுறமிருக்க, அவர் இஸ்லாத்தை ஏற்றவராக, வழக்கமாக மலாய் பேசுபவராக, மலாய் வழக்காறுகளைப் பின்பற்றுபவராக இருத்தல் வேண்டும். மலேசியாவில் இன்றும் இதுவே நடப்பு.

நாகூரிலும் கூத்தாநல்லூரிலும் அதிராம்பட்டினத்திலும் சபராளிகளின் வீடுகளில் வளர்ந்த நமக்கு இவ்விதி அயலார் செய்தியன்று. அங்கே குடியேறிய சீனருக்கு முதல் நிபந்தனையே அடைத்த கதவு. தமிழ் முஸ்லிமுக்கோ அது பிறப்பிலேயே திறந்திருக்கிறது. எஞ்சியவை மொழியும் வழக்காறும். அவற்றையும் கொடுத்துவிட்டால் உள்ளே போய்விடலாம். இந்த எளிமையே நம்மை அஞ்ச வைக்கிறது.

சட்டம் வருமுன் கலப்பு நிகழவில்லையா? நிகழ்ந்தது. பினாங்கில் தென்னிந்திய முஸ்லிம்கள் மலாய்ப் பெண்டிரை மணந்தனர். அவர்தம் வழித்தோன்றல்கள் ‘ஜாவி பெரானக்கான்’ எனப்பட்டனர். 1876இல் சிங்கப்பூரில் அதே பெயரில் அவர்கள் தொடங்கிய இதழே மலாய் மொழியின் முதல் செய்தித்தாள் என்பர். அதே சிங்கப்பூரில்தான் 1872இல் நாகூர் முகம்மது அப்துல் காதிர் புலவரின் ‘முனாஜாத்துத் திரட்டு’ அச்சேறியது. 1887இல் மகுதூம் சாயபு ‘சிங்கை நேசன்’ நடத்தத் தொடங்கினார். மலாய்க்கு இதழ் தந்த சமுதாயம் தமிழைக் கைவிடவில்லை. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று அன்று எவரும் அவர்களைக் கேட்கவுமில்லை.

தஞ்சைக்கு 1676இல் வந்த மராட்டியரையும் எவரும் கேட்கவில்லையே எனலாம். அவர்கள் அரசாள வந்தவர்கள். ஆள்பவருக்கு இலக்கணம் வகுப்பார் யார்?

1969 மே கலவரத்தின் பின், 1971இல் கூடிய தேசியப் பண்பாட்டு மாநாடு மூன்று கோட்பாடுகளை வகுத்தது. மண்ணின் மக்களின் பண்பாடு அடித்தளம். பிற பண்பாடுகளில் பொருத்தமானவை ஏற்கப்படும். இஸ்லாம் முக்கியக் கூறு. ஆங்கிலேயர் தம் தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் ஆள் சேர்த்தபோது மலாய் மக்களின் இசைவைக் கேட்டதில்லை. அம்மக்களின் அச்சம் பொய்யன்று. ஆயினும் ‘பொருத்தமானவை’ என்னும் சொல்லை நாம் ஏற்பதற்கில்லை. பொருத்தம் பார்ப்பவர் ஒருவர், பார்க்கப்படுபவர் மற்றொருவர் என்றால் அதற்குப் பெயர் கலப்பாகாது.

மார்க்கம் ஒன்றானபின் மொழி எதற்கு என்று நம்மவரே சிலர் கேட்கின்றனர். அரபு இலக்கணத்தின் பேராசான் சீபவைஹி பாரசீகர் என்பதை அவர்கள் மறந்தனர் போலும். மொழிகளின் வேறுபாட்டை இறைவனின் அத்தாட்சிகளுள் ஒன்றாகச் சொல்லும் ரூம் அத்தியாயத்தின் 22ஆவது வசனத்தையும் அவர்கள் ஓதாமலா இருப்பார்கள்?