பெட்டி நிறையக் கிளாரினெட்: எது கச்சேரிக்கு, எது பரணுக்கு?

நாகசுர வித்வான் கச்சேரிக்குக் கொண்டுபோவது ஒரே ஒரு குழல். அதில் தொங்கும் கொத்தில்தான் சீவாளிகள் பல. தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிளாரினெட்காரர் வீட்டில் கதை தலைகீழ். பீரோ மேல் மூன்று பெட்டி, கட்டிலுக்கடியில் ஒன்று, ஊதுவதற்கோ ஓரம் தேய்ந்த ஒற்றை ரீடு. செலவு போக வேண்டிய இடம் ஒன்று, போவது வேறிடம்.

இந்தக் கருவி தஞ்சைக்குப் புதிதல்ல. 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி மேற்கத்திய பேண்டு வைத்திருந்தார். அவர் திரட்டிய ஐரோப்பிய இசைத்தாள்கள் இன்றும் சரஸ்வதி மகாலில் உள்ளன. சதிருக்கு முகவீணை ஊதிய இடத்தில் கிளாரினெட்டைக் கொண்டுவந்தவர் மகாதேவ நட்டுவனார் என்பது இசை வரலாறு எழுதியவர்களின் கூற்று. பிறகு திருச்சியின் ஏ.கே.சி. நடராஜன் அதைத் தனிக் கச்சேரி மேடைக்கு ஏற்றினார். நாகசுரமும் பயின்றவர். 2008-இல் சங்கீத கலாநிதி, 2022-இல் பத்மஸ்ரீ.

ஏன் ஒன்று போதவில்லை? காரணம் சுருதி. இடது கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் மூடும்போது எழும் சுரத்தை சட்ஜமமாக வைத்துக்கொள்வோம். பி-பிளாட் கிளாரினெட்டில் அது 2 கட்டை. விரலை மாற்றாமல் ஏ கிளாரினெட்டை எடுத்தால் ஒன்றரை, சி என்றால் 3, குட்டி ஈ-பிளாட் என்றால் 5. நாட்டியத்துக்குப் பாடுபவர் 5 கட்டை என்றால் ஈ-பிளாட் தேவை என்று தோன்றிவிடும். சட்ஜமத்தை வேறு துளைக்கு நகர்த்தியும் ஊதலாம். ஆனால் அப்போது கமகம் விழ வேண்டிய சுரம் திறந்த துளையில் இல்லாமல், பேடு ஒட்டிய சாவியின் கீழ் போய்விடும். அங்கே விரலை வழுக்க முடியாது. திறக்கலாம் அல்லது மூடலாம், அவ்வளவுதான்.

இன்னொரு சங்கடமும் உண்டு. நாகசுரம் கூம்பு வடிவக் குழல். அழுத்தி ஊதினால் அதே விரலில் மேல் ஸ்தாயி வரும். கிளாரினெட்டின் உட்குழல் பெரும்பாலும் நேராக இருப்பதால் அது எட்டாம் சுரத்துக்குப் போகாமல் பன்னிரண்டாம் சுரத்துக்குத் தாவும். 1700 வாக்கில் நியூரம்பர்க்கில் டென்னர் உருவாக்கிய காலத்திலிருந்தே இப்படித்தான். மேலே சொன்ன பிடியில் இந்தத் தாவல் பிரதி மத்யமத்துக்கும் பஞ்சமத்துக்கும் நடுவே வந்து நிற்கிறது. மத்யமத்தில் அநேக விரல்கள் அந்தரத்தில் இருக்கும்; பஞ்சமத்துக்கு ஏறக்குறைய எல்லாம் ஒரே நேரத்தில் மூட வேண்டும். கல்யாணியில் ம-ப பிடிப்பு குழையாமல் வர வேண்டுமென்றால் சாதகம்தான் வழி. இன்னொரு கருவி வாங்கினால் தீராது.

ஆல்பர்ட், போம் என்ற இரு சாவியமைப்புகளில் எது மேல் என்ற சண்டை ஓய்ந்தபாடில்லை. போம் முறையில் வழக்கமாக 17 சாவி, 6 வளையம். வேகமும் சமநிலையும் அதில் கூடுதல். பழைய ஆல்பர்ட்டில் சாவி குறைவு, விரல் வழுக்குவது சுலபம். நியூ ஆர்லியன்ஸ் ஜாஸில் பார்னி பிகார்டு அதைத்தான் ஊதினார். துருக்கியில் இன்றும் அதற்கே மவுசு. நம் கமகத்துக்கும் ஆல்பர்ட் இணங்கும். ஆனால் பேடு மாற்றத் தெரிந்த கை அருகில் இல்லாவிட்டால் அது பரண் சாமான்.

மரமா, பிளாஸ்டிக்கா? ஆப்பிரிக்கக் கருமரத்தின் நாதம் தனி. ஆனால் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மூட்டு ஊதிப்போய்க் கழற்றவே வராது; பேடில் பூஞ்சை பூக்கும். அதே கருவியை ஏசி சபாவுக்குக் கொண்டுபோய்ச் சூடான மூச்சை ஊதினால் வெடிப்பு விழும் அபாயம். யமஹா 255 போன்ற ஏபிஎஸ் பிளாஸ்டிக் கருவிக்கு இந்தத் தொல்லை இல்லை. சுவாமி புறப்பாட்டுக்கு அது தாராளமாகப் போதும். மரத்தை சபாவுக்கு வைத்துக்கொள்ளலாம்.

இனி, உண்மையில் பணம் போட வேண்டிய இடம்: மவுத்பீஸும் ரீடும். ஆரம்பக் கருவியோடு வரும் மவுத்பீஸை மாற்றினாலே நாதம் வேறாகிவிடும். வண்டோரன் 5ஆர்வி லைரின் நுனித் திறப்பு 1.095 மி.மீ., பி45-இல் 1.195. பத்தில் ஒரு மில்லிமீட்டர்தான் வித்தியாசம். ஆனால் திறப்பு கூடினால் உதட்டால் சுரத்தை இறக்கி வளைக்க இடம் கிடைக்கும். அதோடு 2½ எண் ரீடு இசைவாக அமையும். 3½-க்குத் தாவுபவர்கள் முரட்டுத்தனத்தை நாதம் என்று நினைத்துவிடுகிறார்கள். பத்து ரீடு கொண்ட பெட்டியில் கச்சேரிக்குத் தேறுவது சிலதான்; மூன்று நான்கைச் சுழற்சியில் வைத்தால் எல்லாமே நாள்படும். கனடாவின் லெஜேர் செயற்கை ரீடுக்கு ஈரமாக்கும் வேலையில்லை. வெயிலில் காத்திருந்து ஊத வேண்டிய ஊர்வலத்துக்குப் பிரமாதம், ஆலாபனைக்குக் கொஞ்சம் வழவழப்பு.

பேரல் இரண்டு இருக்கட்டும். தை மாதத்துத் திருவையாற்றுக் காலைக் குளிரில் கருவியின் சுருதி இறங்கும். சித்திரைத் திருவிழாவில் ஏறும். குட்டைப் பேரலை வெளியே இழுத்துச் சமாளித்தால் தொண்டைச் சுரங்கள் மட்டும் அதிகமாக இறங்கிவிடும். ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் கூடுதல் நீளமானது ஒன்று கைவசம் இருந்தால் நிம்மதி. தங்கப்பூச்சு லிகேச்சர், தோல் பை, அலங்கார ஸ்டாண்டு எல்லாம் ஆசைக்கு. உள்ளே துடைக்க மெல்லிய பழைய வேட்டித் துணி போதும்.

கடைசியாக, பழைய கருவி வாங்குவோர் பார்க்க வேண்டியது. மேல் துண்டின் உச்சியில், டிரில் சாவித் துளைகளைச் சுற்றித்தான் வெடிப்பு முதலில் ஓடும். அங்கே விளக்கடித்துப் பார்க்கவும். துளைகளை மூடி, அடியை உள்ளங்கையால் அடைத்து உறிஞ்சினால் காற்று நிற்க வேண்டும். உடலில் "எச்.பி." முத்திரை இருந்தால் அது ராணுவ பேண்டு காலத்து உயர்சுருதிக் கருவி: 440-க்குப் பதில் 452, அதாவது கால் கட்டைக்குக் கிட்டத்தட்ட ஏற்றம். ஆர்மோனியத்தோடு ஒருநாளும் சேராது. ஆனால் தனிக் கச்சேரிக்கு மின் சுருதிப் பெட்டியை அதற்கேற்றபடி திருகிக்கொள்ளலாம், வயலினும் கூடவே ஏறிக்கொள்ளும். விலை குறைத்துக் கேட்க அந்த முத்திரையைவிட நல்ல சாக்கு கிடையாது.