அந்தச் சூடு எங்க போச்சு?

போன பொங்கலுக்கு எம்.ரெட்டியபட்டிக்குப் போயிருந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பெரியம்மா மகன் கேட்டார்: "தம்பி, பழைய பெட்டி ரெகுலேட்டர்ல ஃபேனக் கொறச்சு வச்சா பெட்டி சுடும். இப்ப மாட்டியிருக்கிறது சுடல. அந்தச் சூடு எங்க போச்சு?"

அண்ணன் என்னைவிட ஏழு வயது மூத்தவர். 'வா' என்று சொல்லவில்லை, முகத்தையும் பார்க்கவில்லை. ஆனால் கேள்வி சரியான கேள்வி. பழைய பெட்டிக்குள் இருப்பது மின்தடைக் கம்பிச்சுருள். ஃபேனுக்குப் போகாத மின்சாரத்தை அது சூடாக்கி வீணடிக்கும். புதியதில் கெப்பாசிட்டர் இருக்கிறது. அழுத்தத்தைக் குறைக்கும், ஆனால் ஏறக்குறைய சூடாகாது. இதைச் சொன்னதும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப எங்கயும் போகல. வரவே இல்ல" என்றார்.

அவருக்கு ஆட்டிசம் என்று மதுரையில் ஒரு மருத்துவர் எழுதிக்கொடுத்தபோது வயது 36. அதுவரை ஊரில் அவருக்கு இருந்த பெயர் வேறு. நான் இன்ஜினியரிங் படித்தேன். 'இது எப்படி ஓடுது' என்று நோண்டிப் பார்ப்பதற்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள். அதே நோண்டலுக்கு அவருக்குக் கிடைத்தது வசவு.

இப்படிப்பட்ட ஆளை நம் கலைகள் எப்படிக் காட்டுகின்றன என்று யோசிக்க இரண்டு படங்கள் வசதியானவை. இரண்டுமே 2010 பிப்ரவரியில் வந்தவை. ஒன்று கரண் ஜோஹரின் 'மை நேம் இஸ் கான்'. மற்றது அமெரிக்க எச்பிஓ தொலைக்காட்சிக்காக மிக் ஜாக்சன் எடுத்த 'டெம்பிள் கிராண்டின்'.

கானை நான் கல்லூரி விடுதியில் லேப்டாப்பில் பார்த்து அழுதவன். ஷாருக் கான் நடித்த ரிஸ்வானுக்கு எந்தப் பொருளையும் ரிப்பேர் செய்யத் தெரியும். அமெரிக்கா முழுக்க அலையும்போது, 'ஏறக்குறைய எதையும் சரிசெய்வேன்' என்று அட்டையில் எழுதிக்கொண்டு போவார். ஆனால் அந்தத் திறமை படத்துக்கு வெறும் வழிச்செலவு. ஓர் இயந்திரத்தைத் திறக்கும்போது ரிஸ்வான் உள்ளே என்ன பார்க்கிறார், எது அவரைப் பிடித்து நிறுத்துகிறது என்பதில் படத்துக்கு அக்கறை இல்லை. பொருள் ஓடினால் போதும், அடுத்த ஊருக்குப் போய்விடலாம். நம் 'ஹரிதாஸ்' (2013) இதைவிட அடக்கமான, நேர்மையான படம்தான். ஆனாலும் அந்தப் பையன் ஓடி ஜெயித்துக்காட்ட வேண்டியிருக்கிறது. அவனுக்கு நாற்பது வயதாகும்போது என்ன ஆகும் என்பது படத்துக்கு வெளியே நிற்கிறது.

கானின் அட்டையை நம்பித்தான் அண்ணனை அருப்புக்கோட்டையில் ஒரு ஃபேன், மோட்டார் ரிப்பேர் கடையில் சேர்த்துவிட்டேன். மூன்று வாரம்கூடத் தாங்கவில்லை. கெப்பாசிட்டர் போன ஃபேன் உறுமிக்கொண்டு நிற்கும். கையால் தள்ளிவிட்டால் தள்ளின பக்கமே சுற்றும். வலப்பக்கம் தள்ளினால் வலம், இடப்பக்கம் தள்ளினால் இடம். அண்ணன் அதைத் திரும்பத் திரும்பச் செய்துபார்த்துக்கொண்டிருந்தார். கடைக்காரருக்கு வேண்டியது புதுக் கெப்பாசிட்டரை மாட்டி வாடிக்கையாளர் கையில் கொடுப்பது. அவரையும் குறை சொல்ல முடியாது. தப்பு என்னுடையது. ரிப்பேர் வேறு, புரிந்துகொள்வது வேறு என்பது எனக்கே தெரியவில்லை.

'டெம்பிள் கிராண்டின்' அந்த வித்தியாசத்தைத் தெரிந்த படம். கிளேர் டேன்ஸ் ஒரு பொருளைப் பார்த்ததும் திரையில் கோடுகளும் அளவுகளும் எழும்பும். நாம் அவர் கண்ணுக்குள் போய்விடுவோம். காரை விட்டு இறங்காமல் திறக்கிற ஒரு வாயிற்கதவைச் சித்தி பண்ணையில் செய்கிறார். அதைவிட எனக்குப் பிடித்தது ஏம்ஸ் அறைக் காட்சி. ஒரே ஆள் ஒரு மூலையில் ராட்சதனாகவும் மறு மூலையில் குள்ளனாகவும் தெரிகிற அறை அது. அந்த ஏமாற்று எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ள அவரே மாதிரி செய்துபார்க்கிறார். அதில் யாருக்கும் காலணா லாபமில்லை. ஆனாலும் படத்தின் கடைசியில் மேடையும் மாநாடும் வந்துவிடுகின்றன. வென்றவர் என்பதால்தான் அவர் கதை நம்மிடம் வந்து சேர்ந்தது.

மேடையில்லாத ஒரு கதையும் இருக்கிறது. லியோ கன்னர் 1943இல் 11 குழந்தைகளை வைத்து ஆட்டிசத்தை விவரித்தபோது, அவருடைய முதல் குழந்தை டொனால்ட். மிசிசிப்பி மாநிலத்தில் ஃபாரஸ்ட் என்ற சிற்றூர்க்காரன். தட்டு, பாத்திரம் என்று உருண்டையாக எது கிடைத்தாலும் சுழற்றிக்கொண்டிருப்பான். 1971இல் கன்னர் எழுதிய தொடர்ச்சியில் ஒரு விவசாயத் தம்பதி வருகிறார்கள். எதையும் அளந்துகொண்டிருந்த பையனிடம் கிணறு வெட்டி ஆழத்தைச் சொல்லச் சொன்னார்கள். மக்காச்சோள வரிசைகளை ஓயாமல் எண்ணியவனிடம் உழுதுகொண்டே எண்ணச் சொன்னார்கள். செத்த பறவைகளையும் பூச்சிகளையும் சேர்த்துவைத்தபோது, புதைக்க நிலத்தில் ஓர் இடம் ஒதுக்கினார்கள்.

மானாவாரிக் கரிசலில் பிறந்த எனக்குக் கிணறும் மக்காச்சோளமும் உடனே புரிந்தன. ஆனால் இந்த இடத்தின் உயிர் அந்த இடுகாடுதான். கிணற்றால் தண்ணீர் வரும், உழவால் விளைச்சல் வரும். இடுகாட்டால் ஒன்றும் வராது. ஆனாலும் கொடுத்தார்கள். ஆட்டிசம் உள்ளவரைப் பற்றிய எந்தப் படத்தையும் கதையையும் இனி நான் இதை வைத்தே அளப்பேன்: அதில் பிரயோஜனமில்லாத ஆர்வத்துக்கு ஒரு முழம் நிலமாவது இருக்கிறதா?

இதை ஒரேயடியாகக் கொண்டாடவும் முடியாது. டொனால்ட் டிரிப்லெட் வங்கியில் வேலை பார்த்து, கார் ஓட்டி, நாடு நாடாகச் சுற்றி, 2023இல் 89 வயதில் இறந்தார். அந்த வங்கி அவருடைய தாய்வழிக் குடும்பத்தின் வங்கி. "எனக்குப் பொறவு இவன யாருப்பா பாப்பா?" என்று பெரியம்மா கேட்கும்போது அந்தக் கதையில் எனக்குப் பதில் கிடைப்பதில்லை. எங்களிடம் வங்கி இல்லை. கொல்லையில் ஓர் அலமாரி இருக்கிறது. அதில் செத்துப்போன ரெகுலேட்டர்கள், மிக்ஸி மோட்டார்கள். 'எடைக்குப் போட்டுருவோம்' என்று பெரியம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தவன் நான்தான். இப்போது சொல்வதில்லை.

போன வாரம் போன் வந்தது. ஹலோ கிடையாது. "மீட்டர்ல முன்னாடி வட்டு சுத்தும். இப்ப வட்டே இல்ல. எத வச்சு எண்ணுது?"

மீட்டிங்கில் இருந்தேன். எழுந்து வெளியே வந்து சொல்ல ஆரம்பித்தேன்.