எண்ணெயும் மாத்திரையும்

கோவையிலும் ஈரோட்டிலும் அவற்றைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் கிறித்தவப் பங்குகளில் நோயாளிகளுக்காக வேண்டுதல் நடப்பதை நீங்கள் அறிவீர்கள். தலைமீது கை வைத்து மன்றாடுவார்கள். சில ஆலயங்களில் நெற்றியில் எண்ணெய் பூசுவார்கள். இதைக் ‘குணமளிக்கும் பணி’ என்பர். அறிவியல் ஏட்டிற்கு இதில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். நோய் என்று வந்துவிட்டால் அது நமக்கும் உரிய பொருளே.

முதலில் எண்ணெயைப் பார்ப்போம். கத்தோலிக்கர் இச்சடங்கை முன்பு ‘அவஸ்தைப்பூசுதல்’ என்றனர். சாகும் தறுவாயில் செய்வது என்பதால், எண்ணெயுடன் குருவானவர் வாசலில் நின்றாலே நோயாளிக்குப் பாதி உயிர் போய்விடும்! இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் இக்கருத்தைத் திருத்தியது. 1972இல் திருத்தந்தை ஆறாம் பவுல் புதிய முறையை வகுத்தார். இன்று இதன் பெயர் ‘நோயில் பூசுதல்’. ஒலிவ எண்ணெய் கிடைக்காத இடத்தில் வேறு தாவர எண்ணெயும் ஆகும் என்றார்கள். நம் செக்கு நல்லெண்ணெய்க்கும் தடையில்லை! சாவுக்கு உரியதாயிருந்த சடங்கு நோயாளிக்கு உரியதாயிற்று. இது நல்ல மாற்றம் என்பதே என் கருத்து.

குறை வேறிடத்தில் இருக்கிறது. கூட்டங்களில் ‘சாட்சி’ சொல்லக் கேட்டிருப்பீர்கள். “முதுகுவலி பறந்துவிட்டது” என்று ஒருவர் எழுந்து சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால், முதுகுவலி, ஒற்றைத் தலைவலி, மூட்டுவலி போன்றவை ஏறி இறங்கும் இயல்புடையவை. வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் மனிதன் வேண்டுதலை நாடுகிறான்; உச்சத்திற்குப் பின் இறக்கம் வருவது பெரும்பாலும் இயற்கை. மேலும், குணமாகாதவர் மேடையேறுவதில்லை. வென்றவர்களை மட்டும் எண்ணினால் குதிரைப் பந்தயத்தில்கூட எவரும் தோற்கவில்லை என்றாகிவிடும்.

அப்படியானால் எண்ணிப் பார்க்கலாமே என்பீர்கள். எண்ணியிருக்கிறார்கள். அமெரிக்காவில் ஹெர்பர்ட் பென்சன் குழுவினர் இதய அறுவைக்கு வந்த 1,802 பேரை மூன்று பிரிவாக்கி ஆராய்ந்து, 2006இல் முடிவை வெளியிட்டனர். தமக்காக வேண்டுகிறார்களா என்று தெரியாத நிலையில், வேண்டப்பட்டவர்களில் 52 விழுக்காட்டினருக்கும், வேண்டப்படாதவர்களில் 51 விழுக்காட்டினருக்கும் சிக்கல்கள் தோன்றின. வேண்டுகிறார்கள் என்று உறுதியாகத் தெரிந்த பிரிவில் 59 விழுக்காடு! ‘நம் நிலை அவ்வளவு மோசமா’ என்ற அச்சம் காரணமாயிருக்கலாம்.

பகுத்தறிவாளர் பலர் இவ்வாய்வைக் காட்டி வழக்கை முடித்துவிடுகின்றனர். எனக்கு அது போதவில்லை. அங்கே வேண்டியவர்கள் முன்பின் அறியாத அயலார். நோயாளியின் பெயரையும் தலைப்பெழுத்தையும் மட்டுமே பெற்றவர்கள். பங்கில் நடப்பது அதுவன்று. பக்கத்துத் தெருக்காரர் கஞ்சி கொண்டு வருகிறார், கட்டிலருகே உட்கார்கிறார். இதை அந்த ஆய்வு அளக்கவேயில்லை.

இந்த உறவு எங்கே பயன்படும் என்பதற்குக் காசநோயே சான்று. ஈரோட்டுக்கு மேற்கே பெருந்துறையில் ‘சானடோரியம்’ என்பது இன்றும் வழங்கும் பெயர். நல்ல காற்றும் ஓய்வுமே மருந்து என்று நம்பிய காலத்தின் நினைவு அது. 1956இல் சென்னையில் தொடங்கிய ஆய்வு அந்த நம்பிக்கையை மாற்றியது. மாத்திரைகளை ஒழுங்காக உட்கொண்டால், நெரிசலான வீட்டிலிருந்தே ஏறக்குறைய சானடோரியத்திற்கு இணையான பலன் கிடைக்கும் என்று 1959இல் அது காட்டிற்று. ‘ஒழுங்காக’ என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. வழக்கமான மருத்துவம் ஆறு மாதம். இருமலும் காய்ச்சலும் சில வாரங்களிலேயே தணிந்துவிடும். அந்த வேளையில் ஒருவரை எழுப்பி, “சுகமானேன்” என்று சாட்சி சொல்ல வைத்தால் என்ன ஆகும்? அவர் மாத்திரையை நிறுத்துவார். எஞ்சிய கிருமிகள் பெருகும். மருந்துக்கு அடங்காத வகையாகவும் மாறலாம். பின்பு பக்கத்தில் மண்டியிடுபவருக்கும் அது பரவும். வலிப்பு நோயிலும் இன்சுலின் தேவைப்படும் நீரிழிவிலும் ஆபத்து இன்னும் விரைவாக வரும்.

இதைத் திருச்சபைகள் எண்ணாமலில்லை. 1964இல் ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் கூடிய கிறித்தவ மருத்துவர்களும் இறையியலாரும், குணமளிப்பது மருத்துவமனையின் வேலை மட்டுமன்று, சபை முழுவதன் வேலை என்றனர். அதையொட்டி 1968இல் ஜெனீவாவில் அமைந்த கிறித்தவ மருத்துவக் குழுவின் முதல் இயக்குநர் ஜேம்ஸ் மெக்கில்வ்ரே முன்பு வேலூர் மருத்துவமனையின் நிர்வாகத்தில் இருந்தவர். கொள்கை அழகானதுதான். ஆனால், ‘சபையின் வேலை’ என்ற சொல் மேடைப் பேச்சோடு நின்றுவிட்டால் யாருக்குப் பயன்?

ஆலயத்தில் நோயாளிகளின் பெயர்ப் பட்டியல் வாசிக்கப்படுகிறதல்லவா? அதே பட்டியலை வைத்துக்கொண்டு, யாருக்கு மாத்திரை தீரப்போகிறது, யாரை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல ஆளில்லை என்று கேட்கலாம். காசநோய்த் திட்டத்தில் நோயாளி மருந்து உட்கொள்வதைப் பயிற்சி பெற்ற தொண்டர் ஒருவர் உடனிருந்து பார்த்துக்கொள்ள இடமுண்டு. சாட்சி சொல்ல விரும்புபவரிடம், “சளிப் பரிசோதனை ஆயிற்றா? மருத்துவர் மருந்தை நிறுத்தச் சொன்னாரா?” என்ற இரு கேள்விகளைப் பங்குக் குருவோ ஆயரோ முதலில் கேட்கட்டும். இல்லையென்றால், ஆறாம் மாதம் முடிந்தபின் சாட்சி சொன்னால் போதும்.