மூவரிசையும் நான்கு ஏடுகளும்

இத்தாலிய இசைவாணர் ஆர்க்காஞ்சலோ கொரெல்லி 1681இல் உரோமாபுரியில் வெளியிட்ட முதல் தொகுதியில் பன்னிரண்டு 'டிரியோ சொனாட்டா'க்கள் உள. பெயர் மூன்றைச் சுட்டினும் அச்சேறியவை நான்கு ஏடுகள்: வயலினுக்கு இரண்டு, வயலோனே அல்லது ஆர்ச்லூட்டுக்கு ஒன்று, ஆர்கனுக்கு ஒன்று. ஆர்கன் ஏட்டில் கீழ்க்குரலும் அதற்குரிய இலக்கங்களுமே காணப்படும். வலக்கைக்குரிய சுரங்களை வாசிப்போரே அவ்விலக்கங்களைக் கொண்டு அமைத்துக்கொள்வர்.

பிற்காலப் பதிப்பாசிரியர் பலர் அவ்வெற்றிடத்தைத் தம் சுரங்களால் நிரப்பினர். பழகாதவர்க்கு அஃது உதவிதான், மறுப்பதற்கில்லை. ஆயின், அச்சுரங்களை மூலத்தின் அளவிலேயே அச்சிட்டு இலக்கங்களை நீக்கிவிடும் பதிப்பு, உரையை மூலத்தோடு கலந்தெழுதிய ஏட்டினை ஒக்கும். வயலின்களை அமுக்கும் கனத்த பியானோ ஒலிக்கும் கொரெல்லியே பழி சுமக்க நேர்கிறது! சேர்க்கையைச் சிறு எழுத்தில் தந்து இலக்கங்களைக் காக்கும் பதிப்பே பயில்வோர்க்கு ஏற்றது. ஆளுக்கொரு தனி ஏடு தராத பதிப்போ, எத்துணைத் திருத்தமுடையதாயினும், அலமாரிக்கே ஆகும்.