கெர்னிகன்–ரிட்சி: ஐந்தாம் அத்தியாயத்தோடு ஒரு சண்டை

சி படிக்க ஒரே ஒரு புத்தகம் சொல்லுங்க என்று யார் கேட்டாலும் என் பதில் இன்னும் மாறவில்லை: பிரையன் கெர்னிகனும் டென்னிஸ் ரிட்சியும் எழுதிய 'தி சி புரோகிராமிங் லாங்குவேஜ்'. முதல் பதிப்பு 1978, இரண்டாம் பதிப்பு 1988. முன்னூறு பக்கம்கூட இல்லை. ஒரு விஷயத்தைச் சொல்லும், உடனே ஓடக்கூடிய நிரலைக் காட்டும், நகர்ந்துவிடும். ஆயிரம் பக்கத் தலையணைகளுக்கு நடுவே இதை எடுத்தால் நிம்மதியாக இருக்கும்.

ஆனால் இதன் ஐந்தாம் அத்தியாயத்தோடு எனக்கு ஒரு சண்டை உண்டு.

அங்கே ஒரு ஸ்ட்ரிங்கை நகலெடுக்கும் ஃபங்ஷனைப் படிப்படியாகச் சுருக்கிக்கொண்டே போவார்கள். முதலில் அரே, பிறகு பாயின்டர், கடைசியில் உள்ளே ஒன்றுமே இல்லாத ஒற்றை வைல் லூப். முதல்முறை படிக்கும்போது மேஜிக் மாதிரி இருக்கும். ஆனால் போய்ச்சேரும் இடத்தில் எவ்வளவு இடம் இருக்கு என்று எந்த வடிவமும் கேட்பதில்லை.

இது கவனக்குறைவு இல்லை. முதல் அத்தியாயத்தில், வரியைப் படிக்கும் கெட்லைனுக்கு அதிகபட்ச நீளத்தைக் கொடுக்கிறார்கள்; அதே நிரலில் உள்ள காப்பி ஃபங்ஷனுக்குக் கொடுப்பதில்லை. காரணமும் சொல்கிறார்கள்: உள்ளே வரும் வரியின் நீளம் முன்கூட்டித் தெரியாது, நகலெடுக்கச் சொல்பவருக்கோ தெரியும், இல்லையென்றால் தெரிந்துகொள்ள முடியும்.

நேர்மையான வாதம். தானே எழுதி தானே அழைக்கும் சின்ன நிரலில் சரியான வாதமும்கூட. நிரல் வளர்ந்தால் அழைப்பவர் வேறு ஆள். சில சமயம் பத்து வருஷம் கழித்து வருபவர். அவருக்கு என்ன தெரியும் என்று யார் உத்தரவாதம் தருவது?

'தெரியும்' என்பதே இன்று அவ்வளவு சுலபமில்லை. 'அம்மா' என்ற சொல் கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் ஐந்து குறியீடுகள். யுடிஎஃப்-8இல் 15 பைட், முடிவுக்குறியோடு 16. எழுத்தை எண்ணி இடம் ஒதுக்கினால் கதை முடிந்தது.

இதைவிட உறுத்துவது ஏழாம் அத்தியாயம். கெட்ஸ் ஃபங்ஷனை அறிமுகப்படுத்தும்போது, வரிமுடிவுக் குறியை அது நீக்கிவிடும், குழப்பமா இருக்கும் என்று எச்சரிக்கிறார்கள். அளவைப் பற்றி மூச்சுவிடுவதில்லை. உள்ளே வருவதன் நீளம் தெரியாது என்று முதல் அத்தியாயத்தில் சொன்னது இவர்கள்தானே! இரண்டாம் பதிப்பு வந்த அதே 1988 நவம்பரில் மோரிஸ் வார்ம் பரவியது. அது நுழைந்த வழிகளில் ஒன்று, யூனிக்ஸின் ஃபிங்கர் சர்வர் கெட்ஸை வைத்து உள்ளீட்டைப் படித்த இடம். சி தர நிர்ணயம் கெட்ஸைத் தூக்கியெறிந்தது 2011இல்தான்.

பழியை ஒரு புத்தகத்தின் தலையில் கட்டுவது நியாயமில்லை. அவர்கள் இருந்ததை விளக்கினார்கள். ஆனால் நல்ல பாடப்புத்தகம் மொழியை மட்டும் சொல்லித்தருவதில்லை; எது அழகு என்பதையும் சேர்த்தே பழக்கிவிடுகிறது. இங்கே அழகு என்று பழகியது, எல்லை பார்க்காத அந்த ஒற்றை வரி. நீளத்துக்கு வரம்பு வைக்கும் வடிவங்கள் வாசகருக்கான பயிற்சியாக, 5-5 என்ற எண்ணில் ஒதுங்கி நிற்கின்றன.

புத்தகத்தை வாங்குங்க, படிங்க. 5-5ஐப் போடாமல் மட்டும் அடுத்த பக்கம் திருப்பாதீங்க.