ஆறுதல் தொகை

பெருமாள்முருகனின் 'ஏறுவெயில்' (1991) நாவலை முதல்முறை படித்தபோது, கிராமம் இப்படி அழியுதேன்னு வருத்தப்பட்டு மூடிவைத்துவிட்டேன். மறுபடி எடுத்தபோது பக்கத்தில் 1894ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டமும் இருந்தது. இழப்பீட்டைக் கணக்கிடும்போது எதையெல்லாம் கணக்கில் எடுக்கக் கூடாது என்று அதன் 24ஆம் பிரிவு சொன்னது. அதில் இரண்டாவதாக இருந்தது, நிலத்தைக் கொடுக்க உரியவருக்கு மனம் இல்லாமை.

கிணறு, மரம், நிற்கிற பயிர் எல்லாத்துக்கும் விலை உண்டு. மனசு வரலைங்கிறதுக்கு மட்டும் இல்லை. ஆனால் அதற்கு முந்தைய பிரிவே, கட்டாயமாக எடுக்கிறோம் என்பதற்காகச் சந்தை மதிப்புக்கு மேல் 15 சதவீதம் தரச் சொன்னது. 1984இல் அது 30 ஆனது, 2013 சட்டத்தில் 100. அதற்குப் பெயர் ஆறுதல் தொகை. என்ன சொல் பாருங்க!

நாவலில் குடியிருப்புக் காலனிக்காக நிலம் போகிறது. செல்வனின் குடும்பம் சின்ன இடத்துக்குப் பெயர்கிறது. அதன்பிறகு வீட்டுக்குள் பேராசையும் பொறாமையும் வளர்வதுதான் கதை. பட்டாவில் பேர் ஏற வயதில்லாத பையனின் பார்வையில் அதைச் சொன்னதே நாவலின் பலம் என்று இப்போது தோன்றுகிறது. தொகை அவன் கைக்கு வராது, இழப்பு வரும்.

எங்க பெரியப்பா நிலம் புறவழிச்சாலைக்குப் போனது. உத்தரவு நகலை இன்னும் பீரோவில் வைத்திருக்கிறார். தென்னை எத்தனை, கிணறு எத்தனை அடி எல்லாம் அதில் இருக்கு. "படிச்சவன்தானே, இதுல என்ன தப்புன்னு சொல்லு" என்று ஒருநாள் நீட்டினார். இரண்டு தடவை படித்தேன். தப்பு எதுவும் இல்லை.