படி விளிம்பு: மதுரையிலும் யாழ்ப்பாணத்திலும்

மாடிப்படியில் ஆபத்து அதிகம் இறங்கும்போதுதான். இறங்குபவரின் முன்பாதம் விளிம்பை ஒட்டியே ஊன்றுகிறது. உடம்பின் பாரத்தில் பெரும்பகுதி அந்தச் சிறு இடத்தில் விழுகிறது. வீட்டுக்குள் வெறுங்காலோடு நடப்பதும் தரையைத் தண்ணீர் விட்டுக் கழுவுவதும் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் ஒன்றுதான். விளிம்பை முடிக்கும் விதம்தான் வேறு.

மதுரைப் பக்கம் கொஞ்சம் வசதியாகக் கட்டும் வீடென்றால் படிக்குக் கிரானைட்தான். முன்விளிம்பை உருட்டி மெருகேற்றுவதை மோல்டிங் என்பார்கள். கூலி ரன்னிங் அடிக் கணக்கு. கல் தடிமனாகத் தெரிய அடியில் இன்னொரு பட்டையை ஒட்டி, இரண்டையும் சேர்த்து உருட்டுவதும் உண்டு. கிரைண்டரில் தண்ணீர் விட்டுக்கொண்டே சொரசொரப்பான பேடில் தொடங்கி நைஸ் பேடில் முடிப்பார்கள். பார்க்க அழகுதான். ஆனால் முழுதாக உருட்டிய விளிம்பில் பாதத்துக்குப் பிடிப்பில்லை, ஈரக்காலுக்கு அறவே இல்லை. விளிம்பிலிருந்து சற்று உள்ளே தள்ளி இரண்டு மூன்று குரூவ் வெட்டினால் வழுக்கல் குறையும். அழுக்கு சேரும் என்று அதை வேண்டாமென்பவர்களே அதிகம். அழுக்கைத் தேய்த்து எடுத்துவிடலாம், உடைந்த இடுப்பெலும்பை அப்படிச் சரிசெய்ய முடியாது.

யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளில் விறாந்தைப் படிகள் சீமெந்துப் பூச்சு. மிதிபலகையும் முகப்பும் ஒரே பூச்சாக வருவதால் பெயர்ந்து விழத் தனித்துண்டு எதுவும் கிடையாது. 2020இல் இறக்குமதி டைல்ஸுக்குக் கட்டுப்பாடு வந்தபோது, சீமெந்தை நிறத்தோடு மெருகேற்றும் டைட்டேனியம் தரையைப் பலர் நாடினார்கள். அதன் விளிம்பில் கனமான பொருள் இடித்தால் சில்லுப் பெயரும். மழைச்சாரல் பட்டால் வழுக்கும். டைல்ஸ் படியென்றால் விளிம்புக்கு பிவிசி அல்லது அலுமினிய பீடிங் வைக்கிறார்கள். மலிவான பிவிசி வெயிலில் நொறுங்கும். பிறகு டைல்ஸின் வெட்டுமுனை வெளியே தெரியும், குழந்தையின் காலைக் கிழிக்க அது போதும்.

விளிம்பின் ஆயுளைத் தீர்மானிப்பது அதன் அடியில் இருப்பது. இலங்கை மேசன்மார் பெரும்பாலும் முதலில் சீமெந்தால் மட்டம் கட்டி, அது காய்ந்தபின் பசைச்சாந்தை மெல்லப் பூசி டைல்ஸை ஒட்டுவார்கள். தமிழ்நாட்டுக் கொத்தனார் தடித்த கலவையைப் பரப்பி, சிமெண்ட் பால் ஊற்றிக் கல்லைத் தட்டி உட்கார வைப்பார். பின்னதில் கலவை முன்பக்கம் சரிந்து, விளிம்புக்கு அடியில் பொள்ளல் விழ வாய்ப்பு அதிகம். இதில் இலங்கை முறையே மேல் என்பது என் எண்ணம்.

தடித்த கலவை இன்னொரு வம்பையும் கொண்டுவரும். படியை வார்த்துவிட்டுத் தரையைப் பிறகு போடுகிறோம். கலவையும் கல்லும் சேர்ந்து கூடத்துத் தரை இரண்டரை அங்குலம் உயர, படியில் ஒன்றரை அங்குலமே ஏறினால், முதல் படி மற்றவற்றைவிட ஓர் அங்குலம் குட்டையாகிவிடும். மேல்தளத் தரையும் இரண்டரை அங்குலம் உயர்ந்தால், அங்கே கடைசிப் படியின் உயரம் ஓர் அங்குலம் கூடும். கால் ஒரே உயரத்தை எதிர்பார்த்து இறங்கும். தடுமாறுவது இந்த இரண்டு இடத்தில்தான். இந்தியத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு (2016) குடியிருப்புப் படிக்கு உயரம் 190 மி.மீ.க்கு மிகாமலும் மிதிபலகை 250 மி.மீ.க்குக் குறையாமலும் இருக்கச் சொல்கிறது. அந்த அளவைத் தரை முடிந்தபின் பார்க்க வேண்டும், கான்கிரீட் வார்த்த அன்று பார்த்துப் பயனில்லை.

மதுரையில் கட்டினாலும் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் கட்டினாலும் வேலை தொடங்குமுன்பே சொல்லிவிடுங்கள்: மிதிக்கும் பரப்புக்குப் பாலிஷ் வேண்டாம், விளிம்பின் கூர் மழுங்கினால் போதும், குரூவ் கட்டாயம், முதியவர் கண்ணுக்குத் தெரிய விளிம்பில் வேறு நிறப் பட்டை ஒன்று. கடைசித் தவணைப் பணத்தைக் கொடுக்குமுன் ஒவ்வொரு விளிம்பையும் கரண்டிப் பிடியால் தட்டிப் பாருங்கள். பொள்ளலாகச் சத்தம் வரும் படியைப் பெயர்த்து மறுபடி போடச் சொல்லுங்கள்.